சூறாவளியைத் துரத்திச் செல்வோர்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு. கொட்டாஞ்சேனையில் எமது பணிமனையின் மேல்மாடியில் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் ஒரு தேசப்படம் மேசைமீது விரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டி, ஒரு கைத்தொலைபேசி, ஒரு பென்சில். வெளியே இடைவிடாத மழை. அன்றுதான் இலங்கைக் கரையை ஒட்டி நின்ற தாழமுக்கத்துக்கு 'டித்வா' என்ற பெயர் சூட்டப்பட்டிருந்தது. யேமன் நாடு கொடுத்த பெயர் அது. அந்நாட்டுக்குரிய சொகோத்ரா தீவிலுள்ள ஒரு கடற்கழியின் பெயர் என்கிறார்கள்.

மணிக்கொருமுறை தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி. அவரது தாயும் தந்தையும் திருகோணமலை மாவட்டத்தில், வெருகலை அண்டிய ஒரு கிராமத்தில் வயல் செய்து வாழ்பவர்கள். 2006இல் போரினால் இடம்பெயர்ந்து, வாகரை, மட்டக்களப்பு என்று முகாம் முகாமாக அலைந்து, பின்பு மீளக் குடியமர்ந்த குடும்பம்.

"பாதர், இப்ப எங்க நிக்குது?" என்பதே ஒவ்வொரு முறையும் அவரது கேள்வி.

நாமும் பென்சிலால் குறித்த புள்ளியைப் பார்த்துப் பதில் சொன்னோம். மறுநாள் முழுவதும் அப்படியே. 29ஆம் திகதி, சூறாவளி தமிழகக் கரை நோக்கி விலகிச் செல்கிறது என்று செய்தி வந்தபோது எமக்குப் பெரிய நிம்மதி. "போய்விட்டது, பிள்ளை. அப்பா அம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு நித்திரைக்குச் சென்றோம்.

அந்தச் சொல்லுக்காகவே இன்று இக்கட்டுரையை எழுதுகின்றோம். அதனால் நேர்ந்தது என்ன என்பதைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன், சூறாவளியைத் துரத்துவது என்றால் என்ன, அதைத் துரத்தியவர்கள் எதைக் கற்றார்கள் என்பதைப் பார்ப்போம்.

கல்கத்தாவில் ஒரு மனிதர்

ஆங்கிலத்தில் 'சைக்கிளோன்' என்ற சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவில் கடல்சார் நீதிமன்றத்தில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் என்பவர். சுருண்டு கிடக்கும் பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848இல் அவர் அதை எடுத்தார். புயலில் சிக்கித் தப்பி வந்த கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்து, எந்த நாளில் எந்த இடத்தில் காற்று எத்திசையிலிருந்து வீசியது என்று படத்தில் குறித்தார். குறித்துப் பார்த்தபோது, காற்று நேர்கோட்டில் வருவதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்பது தெளிவாயிற்று. கதிரையை விட்டு எழாமலே சூறாவளியைத் துரத்திய மனிதர் அவர்.

கல்கத்தாவுக்கு அருகே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டபோது, சூறாவளியில் கடல் பொங்கி அதை மூழ்கடிக்கும் என்று 1853இல் அவர் எழுதி எச்சரித்தார். எவரும் செவிசாய்க்கவில்லை. துறைமுகம் கட்டப்பட்டது. 1867இல் சூறாவளி வந்து அதைச் சிதைத்துப் போட்டது. பிடிங்டன் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

எச்சரிப்பது ஒன்று, எச்சரிக்கை கேட்கப்படுவது இன்னொன்று. இந்த உண்மையை அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு சூறாவளியும் எமக்குப் படிப்பிக்கின்றது.

கண்ணுக்குள் பறந்தவர்கள்

1943ஆம் ஆண்டு யூலை 27ஆம் திகதி, அமெரிக்காவின் டெக்சஸ் கரையை ஒரு சூறாவளி நெருங்கியது. ஜோசப் டக்வேர்த் என்ற விமானப்படை அதிகாரி ஒரு சிறிய பயிற்சி விமானத்தில் அதற்குள் நுழைந்து, அமைதியான நடுக்கண் பகுதியைக் கண்டு, உயிருடன் திரும்பினார். அதன் பின்னரே சூறாவளிக்குள் விமானத்தில் சென்று அளப்பது ஒரு முறையான தொழிலாயிற்று.

பசுபிக் சமுத்திரத்தில் இதே சுழற்காற்றைத் 'தைபூன்' என்பர். பெயர்தான் வேறு, ஆள் ஒன்றே. குவாம் தீவிலிருந்து அமெரிக்க விமானப்படையினர் 1987 வரை அவற்றைத் துரத்திப் பறந்தார்கள். 1979 ஒக்டோபர் 12ஆம் திகதி 'டிப்' என்ற தைபூனின் நடுவில் அவர்கள் அளந்த வளியமுக்கம் 870 மில்லிபார். கடல் மட்டத்தில் இதுவரை அளக்கப்பட்டவற்றுள் மிகத் தாழ்ந்த அமுக்கம் அதுவே. வழமையாக எம்மைச் சூழ்ந்திருப்பது ஏறத்தாழ 1010 மில்லிபார். இந்த அறிவு இலவசமாக வரவில்லை. 1974 ஒக்டோபரில் 'பெஸ்' என்ற தைபூனுக்குள் சென்ற விமானம் திரும்பவேயில்லை. அதில் ஆறு பேர் இருந்தனர்.

எமது வங்காள விரிகுடாவில் இத்தகைய விமானங்கள் வழக்கமாகப் பறப்பதில்லை. செய்மதிகள் அனுப்பும் முகிற் படங்கள், கப்பல்களும் மிதவைகளும் தரும் அளவுகள், கரையோர அவதானிப்பு நிலையங்கள், சென்னை, காரைக்கால் போன்ற இடங்களிலுள்ள ராடர்கள் ஆகியவற்றைக் கொண்டே மையம் கணிக்கப்படுகிறது. வட இந்து சமுத்திரத்துக்கான பொது அறிவித்தல்களைப் புதுடில்லி நிலையம் வெளியிடும். எமது நாட்டுக்குரிய எச்சரிக்கையைக் கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும்.

தக்லோபனில் ஒரு காலை

துரத்துவோரில் இன்னொரு வகையினரும் உண்டு. சூறாவளி எங்கே கரையேறப் போகிறது என்று கணித்து, மற்றவர்கள் தப்பி ஓடும் ஊருக்குத் தாம் ஓடிச் சென்று, கமராவுடன் காத்திருப்பவர்கள் இவர்கள். 2013 நவம்பரில் 'ஹையான்' என்ற பெருந்தைபூன் பிலிப்பைன்ஸ் தீவுகளை நெருங்கியபோது, அமெரிக்கரான ஜோஷ் மோர்கர்மனும் தோழர் இருவரும் லெய்தே தீவின் தக்லோபன் நகரில் ஒரு விடுதியில் தங்கினர். 8ஆம் திகதி காலை காற்று கூரைகளைக் கிழித்தது. அதை எதிர்பார்த்தே வந்திருந்தனர். ஆனால் சற்று நேரத்தில் கடல் ஊருக்குள் ஏறி வந்தது. கீழ்மாடி அறைகளில் சிக்கியவர்கள் யன்னலை உடைத்துக் கூக்குரலிட்டனர். துரத்த வந்தவர்கள் கமராவை வைத்துவிட்டு, மெத்தைகளை மிதவையாக்கி, முதியோரையும் பிள்ளைகளையும் இழுத்துக் கரைசேர்த்தனர். அவர்களுள் ஒருவருக்குக் காலில் கடுங்காயம்.

பிலிப்பைன்ஸில் 6,300 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலானோரைக் கொன்றது காற்றல்ல, கடல். அறிவித்தல் கொடுக்கப்படாமலும் இல்லை. 'ஸ்டோர்ம் சேர்ஜ்' வரும் என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். அந்தச் சொல் மக்களுக்கு விளங்கவில்லை. "சுனாமி மாதிரிக் கடல் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்" என்று தப்பியவர்கள் பலர் பின்னர் கூறினர்.

எமது அறிவித்தல்களும் இப்படித்தான் இருக்கின்றனவா? 'தாழமுக்கம்', 'கடல்நீர் உட்புகுதல்', 'செம்மஞ்சள் எச்சரிக்கை' என்று வாசிக்கப்படும்போது வயலில் நிற்கும் ஒருவர் எதை விளங்கிக்கொள்கிறார்? அறிவிப்பவர்களும் நாமும் சேர்ந்தே இதைச் சிந்திக்க வேண்டும்.

பெரிய காற்றின் நினைவு

கிழக்கு மாகாணத்தில் அறுபது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும், 'சூறாவளி' என்றால் ஒன்றுதான். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் கரையில் ஏறிய சூறாவளி. 900 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பத்து இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. தென்னை மீண்டும் காய்க்க எத்தனை ஆண்டுகள் எடுக்கும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வடக்கில் முதியோர் 1964ஐ நினைவுகூர்வர். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் திகதி வட இலங்கையைக் கடந்த சூறாவளி, அன்றிரவே பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு வந்த புகைவண்டி அலையில் அள்ளுண்டு போயிற்று.

இந்த நினைவுகள் எமக்குச் செல்வம். ஆனால் அவையே சில வேளைகளில் எம்மை ஏமாற்றியும் விடுகின்றன. மேற்சொன்ன சகோதரியின் தந்தை 1978ஐக் கண்டவர். டித்வா வந்தபோது வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "நான் எழுபத்தெட்டைப் பாத்தவன். இது காத்தே இல்லை" என்று சொல்லி உள்ளே போய்விட்டாராம். அவர் சொன்னது பிழையல்ல. டித்வாவின் காற்று மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொடவில்லை. 1978இன் காற்றோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆயினும் டித்வாவினால் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தனர். ஏன்?

நாம் விட்ட பிழை

அது மெதுவாக நகர்ந்தது. நகர்ந்த வழியெல்லாம் மழையைக் கொட்டியது. பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. கொழும்பில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளை மூழ்கடித்தது.

மலைநாட்டில் பெய்த மழை அங்கேயே நின்றுவிடுமா? மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலை மாவட்டத்தில்தான் கடலைச் சேர்கிறது. அதன் கிளையே வெருகல் ஆறு. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெய்த மழை, சூறாவளி நாட்டை விட்டு விலகிய பின்னரே மூதூர், வெருகல், சேருவில வயல்வெளிகளை வந்தடைந்தது. நவம்பர் 30ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்தது.

அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. 'விழிப்பாயிருங்கள்' என்பதே அன்றைய வாசகத்தின் சாரம். அதைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு வந்து தொலைபேசியைத் திறந்தால், வெள்ளவத்தைச் சகோதரியிடமிருந்து பன்னிரண்டு அழைப்புகள். "பாதர், நீங்கள் போய்விட்டது என்றீர்களே. வீட்டுக்குள்ள தண்ணி" என்றார். அதற்குப் பிறகு ஊரோடு தொடர்பு அற்றுப் போயிற்று. ஒன்றரை நாள் அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

அவர்கள் உயிர் தப்பினார்கள். அயலவர் ஒருவரின் தோணியில் ஏறி உயரமான நிலத்திலிருந்த பாடசாலையை அடைந்தார்கள். ஆனால் கட்டியிருந்த நான்கு மாடுகளும் கட்டிலேயே செத்தன. விதைத்து முளைத்த பெரும்போக வயல் மணல் மேடாயிற்று. 2006இல் விட்டுப் போனதைப் பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள், மீண்டும் ஒரு படங்கின் கீழ் வந்து சேர்ந்தார்கள்.

மகாவலிக்கான வெள்ள எச்சரிக்கையை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. எமது வானொலிப் பெட்டியிலும் அது கேட்டது. நாமோ பென்சில் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். சூறாவளியின் மையத்தைத் துரத்தினோமே தவிர, அது விட்டுச் சென்ற தண்ணீரைத் துரத்தவில்லை. இது எமது பிழை. மறைக்க விரும்பவில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளவத்தை வாடகை அறைகளிலும் கொட்டாஞ்சேனை மாடிவீடுகளிலும் வாழும் எம்மவர் பலருக்கு ஊரில் பெற்றோரும் சகோதரரும் உண்டு. அங்கே மின்சாரம் நின்றவுடன், கொழும்புப் பிள்ளை தொலைபேசியில் சொல்வதே அவர்களுக்கு வேதவாக்கு. ஆகவே அரைகுறையாக அறிந்ததைச் சொல்லாதீர்கள். தெரிந்ததை முழுமையாகச் சொல்லுங்கள்.

ஒரு தேசப்படமும் ஒரு பென்சிலும்

சூறாவளியைத் துரத்த விமானம் தேவையில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சிறு குழு இதைச் செய்யலாம்.

முதலாவது, மையம். அறிவித்தல்களில் மையம் அகலாங்கிலும் நெட்டாங்கிலும் கூறப்படும். மட்டக்களப்பு ஏறத்தாழ வடக்கு 7.7, கிழக்கு 81.7. திருகோணமலை 8.6, 81.2. முல்லைத்தீவு 9.3, 80.8. பருத்தித்துறை 9.8, 80.2. கொழும்பு 6.9, 79.9. அகலாங்கில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடிட்டால் திசையும் வேகமும் தெரியும். ஆனால் முன்னறிவிப்புக் கோடு நூல் பிடித்தது போன்றதல்ல. ஒரு நாளைக்குள்ளேயே மையம் பல கிலோமீற்றர் விலகக்கூடும். 'கோடு எங்கள் ஊரில் விழவில்லை' என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, காற்று. எமது பகுதியில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் கரையேறும் சூறாவளியில், மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். கடல் பொங்குவதும் அந்தப் பக்கத்தில்தான். கடுங்காற்று திடீரென ஓய்ந்து அமைதி நிலவினால் அது முடிவல்ல. நடுக்கண் உங்கள் மேல் நிற்கிறது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். அவ்வேளையில் வெளியே வரக் கூடாது.

மூன்றாவது, தண்ணீர். உங்கள் ஊர் எந்த ஆற்றின், எந்தக் குளத்தின் கீழ் இருக்கிறது? அந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது? அங்கே எவ்வளவு மழை? எந்த வான்கதவுகள் திறக்கப்பட்டன? சூறாவளி போன பின்னும் குறைந்தது மூன்று நாட்களுக்கு இக்கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். மலைப்பகுதியில் வாழ்வோர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அறிவித்தலுக்குக் காத்திராமல் வெளியேறுங்கள்.

ஏன் வெளியேற மறுக்கிறோம்?

இந்திய மாநிலமான ஒடிசாவை 1999 ஒக்டோபரில் தாக்கிய பெருஞ்சூறாவளியில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். அதே மாநிலத்தை 2013 ஒக்டோபரில் 'பைலின்' தாக்கியபோது இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. அதற்கு முன்பே பத்து இலட்சம் பேர் வரை அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். கரையெங்கும் உறுதியான புகலிடங்கள் கட்டப்பட்டிருந்தன, ஊருக்கு ஊர் தொண்டர்கள் பழக்கப்பட்டிருந்தனர். பதினான்கு ஆண்டுகளில் ஏழை மாநிலம் ஒன்று இதைச் செய்துகாட்டியது.

எம்மவர் வெளியேறத் தயங்குவது அறியாமையினால் அல்ல. ஒருமுறை இரண்டுமுறை அல்ல, பலமுறை இடம்பெயர்ந்தவர்கள் நீங்கள். 'ஒரு வாரத்தில் திரும்பலாம்' என்று சொல்லிப் புறப்பட்டுப் பல ஆண்டுகள் திரும்ப முடியாது போனதை அனுபவித்தவர்கள். வீட்டை விட்டால் வீடு போகும், காணியை விட்டால் காணி போகும் என்ற அச்சம் உங்கள் எலும்பில் ஊறியிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் 'உடனே வெளியேறவும்' என்று ஒலிபெருக்கியில் கத்துவதனால் பயனில்லை.

ஆகவே, வெளியேறுவதை இலகுவாக்கும் காரியங்களை மாரிக்கு முன்பே செய்து வைப்போம். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பிரதி எடுத்து, மூலத்தைப் பொலித்தீன் உறையிலிட்டு, கையோடு எடுக்கும் ஒரு பையில் வைப்போம். இன்னொரு பிரதியைக் கொழும்பிலோ வேறூரிலோ உள்ள உறவினரிடம் கொடுப்போம். விதைநெல்லில் ஒரு பங்கையாவது மேட்டு நிலத்தில் ஒருவர் வீட்டில் சேமிப்போம். வெள்ளம் வரும் என்று கேள்விப்பட்டால், மாடுகளை மேட்டுக்குச் சாய்ப்போம். அதற்கு நேரமில்லையெனில் கயிற்றையாவது அவிழ்த்து விடுவோம். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர், கர்ப்பிணித் தாய், மாற்றுத்திறனாளி இருக்கிறார், அவரை யார் தூக்குவது, யாருடைய தோணி, யாருடைய உழவு இயந்திரம் என்பதை இப்போதே எழுதி வைப்போம்.

கடந்த மாதம் அந்த முதியவரைப் போய்ச் சந்தித்தோம். எம்மைக் கண்டதும் கதிரையைத் துடைத்து வைத்தார். நாம் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க என்ன செய்வீங்க பாதர், நானும் காத்தைத்தானே பாத்தன்" என்றார். பின்பு, மணல் மூடிய வயலின் எந்த மூலையிலிருந்து துப்புரவாக்கத் தொடங்குவது என்பதைப் பற்றியே அதிக நேரம் பேசினார். புறப்படும்போது, கொண்டு சென்ற தேசப்படத்தை அவரிடம் கொடுத்தோம். மகாவலியை மலையிலிருந்து கடல்வரை நீல மையால் தடித்துக் கீறியிருந்தோம். அவர் அதைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, தமது வீடு இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் அப்படியொரு படம் இருக்கட்டும். அடுத்த மாரி தொடங்க முன்னர், பிள்ளைகளையும் கூப்பிட்டு உங்கள் புள்ளியைக் குறித்து வையுங்கள்.